மலையில் வாடகை வீடு: ஈபி பில், தண்ணீர் லாரி, பொதுச்செலவு — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சாலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எனக்கு நாலு லைன் வீடுகள் இருக்கின்றன. இரண்டு அப்பா கட்டியது, இரண்டு நான் பிற்பாடு வாங்கியது. கோவை, திருப்பூர் பக்கமிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் "ஊட்டிப் பக்கம் ஒரு வீடு வாங்கிப்போட்டால் வாடகை எவ்வளவு வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செலவு எவ்வளவு போகும் என்று கேட்டவர்கள் குறைவு. வாங்கிய பிறகு வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். தொகை எல்லாம் கணக்கு புரிவதற்காகச் சொல்வது; உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவையில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மலையில் அப்படி என்ன வித்தியாசம்?

கோவையில் செலவு மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். இங்கே பருவத்துக்குப் பருவம் வேறு பக்கமிருந்து வரும். நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை பனி: ஹீட்டரும் கெய்சரும் ஓடி ஈபி பில் ஏறும். மார்ச்சிலிருந்து மே வரை கோடை: சுற்றுலாக்காரர்கள் மேலே ஏற, தண்ணீர் கீழே இறங்கும், லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவரும். பிறகு மழை: ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஒழுகும் கூரை, சரியும் மண், பூஞ்சை பிடிக்கும் சுவர், கம்பி மேல் விழும் கற்பூர மரம் எல்லாம் அப்போதுதான்.

வீடு பார்க்க வருகிறவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் வருகிறார்கள். வெயில் இதமாக இருக்கும், சுவர் காய்ந்திருக்கும். விற்பவர் போன மாத ஈபி பில்லைக் காட்டுவார். அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஜனவரி பில்லையும் கேளுங்கள். சர்வீஸ் நம்பர் இருந்தால் பழைய பில் விவரம் இணையத்திலேயே கிடைக்கும். பனிக்கால பில், கோடைத் தண்ணீர்க் கணக்கு, மழைக்காலத்துச் சுவர் மூன்றையும் பார்க்காமல் இங்கே வாடகையை முடிவு செய்வது, பெண்ணின் போட்டோவை மட்டும் பார்த்துத் தாலி கட்டுவது மாதிரி.

ஈபி இணைப்பு ஒன்றுதான். வீடு இரண்டு. பில்லை எப்படிப் பிரிப்பது?

எனக்கு வந்த சண்டைகளில் பாதி இதனால்தான் வந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இதில் 500 யூனிட் என்பது ஒரு மதகு மாதிரி. 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் மலிவு விலை. 500-ஐத் தாண்டினால் அந்த மலிவு விலை போய்விடும், அந்த 100 யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதல் விலை. 2022 செப்டம்பரில் வந்த விலையை வைத்துச் சொன்னால், சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதற்குப் பிறகு விலை இன்னும் ஏறியிருக்கிறது, கட்டமைப்பு அதேதான்.

இப்போது ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் என்று வையுங்கள். முன் வீட்டில் கைக்குழந்தை, ஹீட்டர் உண்டு: 380 யூனிட். பின் வீட்டில் வயதான தம்பதி, இரண்டு பல்பு, ஒரு டிவி: 140 யூனிட். மொத்தம் 520. அதே 2022 விலையில் பில் 2,110 ரூபாய். யூனிட் கணக்கில் சராசரியாகப் பிரித்தால் முன் வீட்டுக்கு 1,542, பின் வீட்டுக்கு 568.

இருவருக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால்? முன் வீட்டுக்கு 1,035. பின் வீட்டுக்கு வெறும் 90. இரண்டும் சேர்ந்து 1,125. மீதி 985 ரூபாய் மீட்டர் ஒன்றாக இருப்பதால் மட்டுமே வரும் தண்டம். 90 ரூபாய் கட்ட வேண்டிய பெரியவர் 568 கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் "நாங்க ரெண்டு பேரு, எங்களுக்கு எப்படிப்பா இவ்வளவு வரும்?" என்று கேட்பது நியாயமான கேள்வி என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

நான் செய்வது இது: முதலில் இரண்டு வீட்டுக்கும் தனி இணைப்பு இருப்பதுபோல் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையை மட்டும் அவர்களிடம் வாங்குவேன். மிச்சமுள்ள 985 என் தலையில். ஏனென்றால் இரண்டாவது இணைப்பு வாங்காமல் சோம்பேறித்தனமாக இருந்தது நான். குடியிருக்க வந்தவர்கள் இல்லை. ஒவ்வொரு பில்லும் இதே கணக்கில் வந்தால் வருடத்துக்கு ஆறு பில்லில் ஏறக்குறைய 5,900 ரூபாய். அது என் பையிலிருந்து போக ஆரம்பித்ததும்தான் மின்வாரிய அலுவலகத்துக்குப் படியேறினேன்.

தனி இணைப்பு கொடுத்துவிடுவார்களா?

தனித் தனி வீடாக இருந்தால் கொடுப்பார்கள். தனி வாசல், தனிச் சமையலறை, ஒரு வீட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே உள்வழி இல்லாமல் இருக்க வேண்டும். சொத்து வரி ரசீதிலும் தனி வீடாக இருந்தால் பேச்சு சுலபம். நேரில் வந்து பார்ப்பார்கள். ஒரே குடும்பம் இருக்கும் ஒரே வீட்டுக்கு, 100 யூனிட் இலவசத்துக்காக இரண்டு மீட்டர் வைக்கப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு விஷயம்: மீட்டரை வாசலுக்கு வெளியே, ரீடிங் எடுப்பவர் பார்க்கிற இடத்தில் வையுங்கள். மலையில் பழைய வீடுகளில் மீட்டர் உள்ளே இருக்கும். வீடு பூட்டியிருந்தால் முந்தைய பில் அளவையே போட்டுவிட்டு, அடுத்த ரீடிங்கில் சரிசெய்வார்கள். குடித்தனக்காரர் மாறும் நேரத்தில் இப்படி ஆனால், யார் எவ்வளவு என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கலாமா? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

சப் மீட்டர் வைக்கலாம், வையுங்கள். சில நூறு ரூபாய் சாமான். அளவு தெரிந்தால் பாதி வாய்ச்சண்டை குறையும். பத்து ரூபாய் மட்டும் வேண்டாம். மின்சாரத்தை வாங்கி லாபத்துக்கு விற்க உரிமம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. வாரியத்துக்குக் கட்டிய பில்லுக்கு மேல் வாங்குவது சட்டப்படியும் தப்பு, முகத்துக்கு நேரே பார்த்தாலும் தப்பு. கூடுதல் பணம் வேண்டுமானால் வாடகையில் கேளுங்கள்.

குடித்தனக்காரர் இரவெல்லாம் ஹீட்டர் போடுகிறார். தடுக்கலாமா?

குளிருகிறது, போடுகிறார். ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் காந்தலிலும் தலைகுந்தாவிலும் புல்லின் மேல் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி கிடக்கும்போது ஹீட்டர் போடாதே என்று எப்படிச் சொல்வது?

கணக்கை மட்டும் சொல்லிவிடலாம். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். தினம் நாலு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். 60 நாளுக்கு 480. ஹீட்டர் ஒன்றே 500 யூனிட் மதகைத் தொட்டுவிடுகிறது. மற்ற எல்லாம் அதற்கு மேலே. இதைக் குடி வரும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டுவேன். அதற்குப் பிறகு போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். தனி மீட்டர் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, பாருங்கள்.

உங்கள் கடமை ஒன்று உண்டு. ஹீட்டருக்கும் கெய்சருக்கும் தனியாகப் பவர் பிளக் போட்டுக் கொடுக்க வேண்டும். 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதைச் செல்போன் சார்ஜ் போடும் 5 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துச் சொருகினால் வயர் உருகும். பழைய லைன் வீடுகளில் மரப்பலகைச் சீலிங் உண்டு. மேலே சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கக் கூடாது என்பதை நான் வாயால் சொல்வதோடு விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். புகை இல்லாவிட்டாலும் அந்தக் காற்று ஆளைக் கொல்லும்.

கெய்சருக்கு ஏன் இவ்வளவு கரண்டு? ரிப்பேர் ஆனால் யார் செலவு?

குழாயில் வரும் தண்ணீரே சில்லென்று வருகிறது, அதனால்தான். 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். கோவையில் 27 டிகிரியில் வரும் தண்ணீருக்கு அதில் பாதி போதும். அதே கெய்சர், அதே குளியல், இரண்டு மடங்கு செலவு.

ரிப்பேர் விஷயத்தில் நிறையப் பேருக்கு ஆச்சரியம் வரும். வீட்டுக்காரர்–குடித்தனக்காரர் உறவை முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் யார் எந்த வேலை பார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணை பிரிக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கெய்சர் ரிப்பேர் இதெல்லாம் குடியிருப்பவர்.

ஆனாலும் மலையில் கெய்சரை முழுக்கக் குடித்தனக்காரர் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே அது ஆடம்பரம் இல்லை, அடுப்பு மாதிரி. என் ஒப்பந்தத்தில் காயில், தெர்மோஸ்டாட் போனால் நான். குழாய் வாஷர், பிளக் போனால் அவர்கள் என்று பிரித்து எழுதியிருக்கிறேன்.

சோலார் வாட்டர் ஹீட்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். பனிக்காலத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், பகலில் நன்றாகவே சுடும். மழையிலும் மேகமூட்டத்திலும் வாரக்கணக்கில் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. கெய்சரும் கூட இருந்தால் வையுங்கள்.

தண்ணீர்ச் செலவை எப்படிப் பங்கிடுவது? வீட்டுக்கா, ஆளுக்கா?

ஆளுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குன்னூர் நகராட்சிக்கு ரேலியா அணைத் தண்ணீர். ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி முக்கிய ஆதாரம். மழை தவறிய வருடம் கோடையில் குழாய்த் தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை வந்தாலே அதிர்ஷ்டம் என்கிற நிலை எங்கள் தெருவில் வந்ததுண்டு. போர் போட்டுவிடலாமே என்பார்கள் சமவெளிக்காரர்கள். நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு அப்படி நினைத்த மாத்திரத்தில் போட முடியாது. அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஆகவே தொட்டி, லாரி, சிக்கனம்.

நாலு வீட்டில் பதினாலு பேர் என்று வையுங்கள். ஆளுக்குத் தினம் 70 லிட்டர் என்றால் 980 லிட்டர். 5,000 லிட்டர் வண்டி ஐந்து நாளுக்குத்தான் தாங்கும். ஒரு வண்டி 1,500 ரூபாய் என்றால் மாதத்துக்கு ஆறு வண்டி, 9,000. வீட்டுக்கு 2,250 என்று சமமாகப் பிரித்தால், தனியாக இருக்கும் பேங்க் ஊழியர் ஆறு பேர் குளித்த தண்ணீருக்குப் பணம் கட்டுகிறார். ஆளுக்கு 643 என்று பிரித்தால் அவருக்கு 643, ஆறு பேர் வீட்டுக்கு 3,858. அந்த ஆறு பேர் வீட்டு அக்கா முதலில் முகம் சுளித்தார். "குழந்தைக்கும் பெரிய ஆள் கணக்கா, தம்பி?" என்றார். அதுவும் நியாயம்தான்; பத்து வயதுக்குக் கீழே அரைக் கணக்கு என்று மாற்றினோம். ஊருக்குப் போனால்? ஒரு வாரத்துக்கு மேல் பூட்டியிருந்தால் கழிவு. விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் கூடுதல். இதையெல்லாம் கேட்கும்போது சில்லறைத்தனமாகத் தோன்றும். மே மாதத்தில் தோன்றாது.

கோடை லாரிச் செலவில் ஒரு பங்கு நானும் போடுகிறேன். குழாயில் தண்ணீர் வரும் வீடு என்று சொல்லித்தானே வாடகை வாங்குகிறேன்? எங்கள் லைனில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, மீதியைத்தான் தலைக்கணக்கில் பிரிப்போம்.

மலைக்கே உரிய ஒன்று: வண்டி சாலையில்தான் நிற்கும். சாலைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு ஓஸ் போட்டால் தானாக இறங்கும். சாலைக்கு மேலே இருக்கும் வீட்டுக்குச் சாலையோரத்தில் ஒரு தொட்டி, மோட்டார், அதற்கு ஒரு கரண்டு பில். கேஸ் சிலிண்டர், விறகு, அரிசி மூட்டை எல்லாம் படி ஏறினாலும் இறங்கினாலும் சுமைகூலி உண்டு. வாங்கும் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். நான் சொல்வது விளையாட்டில்லை, எண்ணுங்கள்.

எல்லாவற்றையும் வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக வாங்கிவிட்டால் தலைவலி இல்லையே?

ஒரு பனிக்காலம் செய்து பார்த்தேன். மேல் வீட்டில் பகலிலும் ஹீட்டர் ஓடியது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு! இலவசமாகக் கிடைப்பதை யார் எண்ணிச் செலவழிப்பார்கள்? அவர்களைக் குறை சொல்லவில்லை, நான் போட்ட ஏற்பாடு அப்படி.

வருமான வரியிலும் இது இடிக்கும். வீட்டு வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு வரும் தொகையில் 30 சதவீதம் பொதுக் கழிவு. கடன் வட்டி இருந்தால் அது தனி. ஈபி பில், தண்ணீர், ரிப்பேர் எதற்கும் வேறு கழிவு கிடையாது. அந்த 30-க்குள்ளேயே எல்லாம் அடங்க வேண்டும். ஈபியையும் சேர்த்து வாடகையாக வாங்கினால், வாரியத்துக்குப் போன பணமும் உங்கள் வருமானமாக நிற்கும்.

அளக்க முடிந்ததை அளந்து தனியாக வாங்குங்கள். அளக்க முடியாத சில்லறைகளை, வாசல் விளக்கு, குப்பைக் கட்டணம் மாதிரி, வாடகையில் சேர்த்துவிடுங்கள்.

பொது மோட்டார், படிக்கட்டு விளக்கு?

அரை குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட். இரண்டு எல்இடி பல்பு ஒன்றுமே இல்லை. இதை யார் வீட்டு மீட்டரிலும் சேர்க்காமல் வீட்டுக்காரர் இணைப்பில் போட்டு, வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை வைத்துவிடுவது மேல். 'என் மீட்டரில் அவர்கள் மோட்டார் ஓடுகிறது' என்ற ஒரு வரிதான் பக்கத்து வீட்டுப் பகையின் ஆரம்பம்.

அடுக்குமாடியில் பொது இணைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதில் 100 யூனிட் இலவசம் கிடையாது. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 இறுதியில் அந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள். மலையில் பெரும்பாலான கட்டடங்கள் அந்த அளவுதான். உங்கள் பொது இணைப்பு அந்த வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள்.

ஃப்ளாட்டில் மாதாந்திர மெயின்டனன்ஸ் யார் கட்டுவது?

காவலாள், கூட்டிப் பெருக்குவது, பொது விளக்கு மாதிரி அனுபவிக்கிற செலவு குடியிருப்பவர். ஃப்ளாட் சங்கத்தின் வைப்பு நிதி, கட்டடத்துக்குப் பெயின்ட், புதுத் தொட்டி மாதிரி சொத்தோடு நிற்கிற செலவு உங்களுடையது. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சங்கம் உங்களிடம்தான் வந்து நிற்கும்.

சொத்து வரி?

உங்களுடையது. நகராட்சியில் அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் போனில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்புச்சுவர் சரிந்தால் குடித்தனக்காரரிடம் பங்கு கேட்கலாமா?

கேட்காதீர்கள். அது வீட்டின் முதுகெலும்பு, முழுக்க உங்கள் பொறுப்பு. ஒரு வருட வாடகையை ஒரே இரவில் விழுங்கக்கூடிய செலவும் இது ஒன்றுதான்.

எங்கள் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைந்து கிடந்தன. ஒரு கார்த்திகை மழையில் மண் ஊறி, வெளியேற வழியில்லாமல் சுவர் வயிறு தள்ளியது. நல்லவேளை விழவில்லை. அன்றிலிருந்து மழைக்கு முன்பு, புரட்டாசியில், ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்தி, மேலே உள்ள வாய்க்காலைத் தூர் வாரி விடுகிறேன். இரண்டு ஆள் கூலி. சுவர் மேல் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவே இருந்தால் அது யாருடையது என்று பத்திரத்தையும் அளவையும் பார்த்து, வெயில் காலத்திலேயே பேசிவிடுங்கள். மழையில் நின்று பேசினால் குரல்தான் உயரும்.

செப்டிக் டேங்கும் இதே கதை. தொட்டி கட்டுவதும் ரிப்பேரும் நீங்கள். எடுக்கும் செலவை ஆள் கணக்கில் பிரிக்கலாம். கழிவுநீர் லாரியின் குழாய் எட்டாத பள்ளத்தில் தொட்டி இருந்தால் அந்த வீட்டை வாங்குவதையே மறுபடி யோசியுங்கள்.

மூன்று மாதமாக ஈபி பங்கும் தண்ணீர்ப் பணமும் தரவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கிவிடலாமா?

கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும், வழக்கே நடந்தாலும், தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை நிறுத்த அந்த 2017 சட்டம் தடை போடுகிறது. குடியிருப்பவர் புகார் கொடுத்தால் உடனே திரும்பக் கொடுக்க உத்தரவு வரும், இழப்பீடும் கேட்கலாம். பனிக்காலத்தில் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கரண்டை நிறுத்தினவன் என்ற பெயர் இந்தச் சின்ன ஊரில் பேரன் காலம்வரைக்கும் நிற்கும், அது வேறு.

முன்பணம் இதற்காகத்தான். சட்டம் சொல்லும் பொது அளவு மூன்று மாத வாடகை. அதிலிருந்து பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தனி மீட்டர் இருந்தாலும் இணைப்பு உங்கள் பெயரில்தான்; ரீடிங் எடுத்து 20 நாளுக்குள் பில் கட்டியாயிற்றா என்று நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் போன பிறகு பாக்கி நிற்பது உங்கள் இணைப்பில்.

வாடகைக்கு விடாமல் சீசனில் நாள் வாடகைக்கு, ஹோம்ஸ்டேயாக விட்டால் அதிகம் வருமே?

வரும், போகவும் செய்யும். வருகிறவர்கள் இரண்டு நாளில் நீங்கள் நாலு நாளுக்குச் சேர்த்த தண்ணீரைத் திறந்துவிட்டுப் போவார்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும். சீசன் கூட்டத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அனுமதி, பதிவு இல்லாமல் நடத்துவதும், வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்துவதும் தனி ஆபத்து. அனுமதிக்காத பயன்பாடு என்று மின்வாரியம் கண்டுபிடித்தால், பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட மின்சாரச் சட்டத்தில் இடமுண்டு. எனக்கு வருடம் முழுக்க இருக்கும் பள்ளிக்கூட ஆசிரியரும் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியரும் போதும்.

வீடு அண்ணன், தம்பி, தங்கை மூவர் பெயரில். செலவை யார் பார்ப்பது?

ஊரில் இருப்பவர்தான் பார்க்கிறார். வெளியூரில் இருப்பவர்கள் கணக்குக் கேட்கிறார்கள். வழக்கமாக இப்படித்தான் முறிகிறது. வாடகை ஒரு தனி பேங்க் கணக்கில் விழட்டும். எல்லாச் செலவும் அதிலிருந்து போகட்டும். தடுப்புச்சுவருக்கென்று மாதம் ஒரு தொகை அதிலேயே தங்கட்டும். மிச்சத்தை வருடத்துக்கு இரண்டு முறை பங்கு பிரியுங்கள். ஊரில் இருந்து லாரிக்குப் போன் போட்டு, பிளம்பரைத் தேடி அலைகிற தம்பிக்கு வாடகையில் ஒரு சிறு பங்கைக் கூலியாகக் கொடுத்துவிடுங்கள். "நம்ம வீட்டு வேலைக்குக் கூலியா?" என்று அவரே மறுப்பார். அப்போதும் கொடுங்கள். பத்திரத்தில் பங்கு தெளிவாக இருந்தால் வருமான வரியும் அவரவர் பங்குக்கு அவரவர் கட்டுவதுதான்.

எல்லாம் போகக் கையில் என்ன நிற்கும்?

40 லட்சத்துக்கு ஒரு வீடு, மாத வாடகை 12,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 1,44,000, அதாவது 3.6 சதவீதம். ஆள் மாறும் இடைவெளி ஒரு மாதம், 12,000. சொத்து வரி 4,000. கோடை லாரியில் உங்கள் பங்கு 6,000. பெயின்ட், கூரை, பூஞ்சை 15,000. இங்கே ஈரச் சுவருக்கு அடிக்கடி அடிக்க வேண்டும். சமவெளிக் கணக்கை இங்கே போடாதீர்கள். தடுப்புச்சுவருக்கு ஒதுக்குவது 12,000. மொத்தம் 49,000 போனால் 95,000 நிற்கும்: 2.4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. வரி வேறு. பேங்க் வைப்புநிதி இதைவிடக் கூடக் கொடுக்கும். நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையோ, வயதான காலத்தில் மலையில் வந்து இருக்க வேண்டும் என்ற ஆசையோ இருந்தால் வாங்குங்கள். வாடகைக்காக மட்டும் என்றால் எனக்கே மனசு வராது.

பில் வருவதற்கு முன்பே, மாத நடுவில் காலி செய்கிறார்கள். ஈபியை எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

சாவி வாங்கும்போது இருவரும் மீட்டர் முன் நின்று ரீடிங்கைப் போனில் படம் எடுங்கள். சப் மீட்டர் இருந்தால் அதையும். இலவச 100 யூனிட்டை நாள் கணக்கில் பிரியுங்கள்: 60 நாளில் 24 நாள் இருந்தார் என்றால் அவருக்கு 40 யூனிட். அதே விகிதத்தில் ஒவ்வொரு படியையும் சுருக்கிக் கணக்குப் போட்டு வாங்கிவிட்டு, மீதி முன்பணத்தைக் கொடுத்து அனுப்பலாம். முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது சட்டம். அடுத்தவர் வந்து ஹீட்டரை ஓட்டி அதே பில்லை 500-க்கு மேல் தள்ளினால், அந்தப் பாரம் போனவருடையது இல்லை. இதில் எனக்கு ஒருமுறை 300 ரூபாய்க்குப் பக்கம் நஷ்டம் வந்தது. போனவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது முடிந்தவரை ரீடிங் எடுத்த மறுநாளாகப் பார்த்துக் காலி செய்யச் சொல்கிறேன். பெட்டி கட்ட இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை.